கார் ஓடுகிறது, பட்டியல் மட்டும் ஓடவில்லை!

மேசைக்கு அடியில் இரவு பகலாக விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய கணினிப் பெட்டியைப் பார்த்து, "பையன் ஏதோ டவுன்லோட் செய்கிறான்" என்று நினைத்திருப்பீர்கள். அது ஒரு கார் பந்தயத் திடலாக இருக்கலாம். வீட்டுக் கணினியிலேயே சர்வர் நடத்தி, ஊர் ஊராக இருக்கும் உறவுக்காரர்களையும் பள்ளித் தோழர்களையும் வாரம் ஒருமுறை பந்தயத்துக்குக் கூப்பிடும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். அப்பா அம்மாவிடம் அவர்கள் கேட்பது பணம்கூட இல்லை. "ரூட்டர் பாஸ்வர்ட் என்னம்மா?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பதில் சொல்வது நல்லது.

கிள்ளானில் என் பெரியம்மா மகள் வீட்டில் அப்படி ஒரு பெட்டி இருக்கிறது. அத்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஜொகூர் பாருவில் வாடகை அறை. விடியற்காலையில் எழுந்து பாலம் கடக்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். மாதத்தில் இரண்டு வாரக் கடைசிதான் வீடு. மகனுக்கு இது எஸ்பிஎம் ஆண்டு. அப்பாவும் மகனும் தொலைபேசியில் பேசினால் "சாப்பிட்டியா", "படிச்சியா", "ம்" என்று அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் சனிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். எந்த வளைவில் பிரேக்கை விடுவது, டயர் எத்தனையாவது சுற்றில் தேய்கிறது, ஈப்போ சித்தப்பா ஏன் எல்லோரையும் இடித்துக்கொண்டே வருகிறார். பேச்சு அங்கேதான் தொடங்கும். பிறகு அது எங்கெங்கோ போகும். அக்கா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள்.

மூன்று வாரமாக அந்தப் பந்தயத்தில் ஒரு கோளாறு. கார்கள் ஓடின, எட்டுப் பேரும் வந்தார்கள், பந்தயம் முடிந்தது. ஆனால் யார் எந்த நேரத்தில் சுற்றை முடித்தார்கள் என்ற பட்டியல் காலி. இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து வந்த நேரப் பதிவுகள் ஒரு சனிக்கிழமையோடு நின்றுபோயின. முதல் வாரம் அத்தான் சிரித்தார். இரண்டாம் வாரம், "நான் ஜெயிச்சதுக்குச் சாட்சியே இல்லையா?" என்றார். மூன்றாம் வாரம், "அசதியா இருக்கு, இந்த வாரம் நான் வரலை" என்று சொல்லிவிட்டார். அக்கா எனக்குத் தொலைபேசி செய்தது அதற்குப் பிறகுதான். வானொலியில் வேலை பார்ப்பவனுக்கு வயர் சம்பந்தப்பட்ட எல்லாமே தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நெடுநாள் நம்பிக்கை.

விளையாட்டு வேறு, துணைநிரல் வேறு

அவர்கள் விளையாடுவது அசெட்டோ கோர்சா. இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி நிறுவனம் 2014 டிசம்பரில் முழுமையாக வெளியிட்ட விளையாட்டு. பழையதுதான். ஆனால் சாதாரணக் கணினியிலும் ஓடும். ரசிகர்கள் உருவாக்கிய தடங்களும் கார்களும் ஏராளமாகக் கிடைக்கும். செப்பாங் உட்பட. அதனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. இந்த விளையாட்டோடு ஒரு சர்வர் மென்பொருளும் சேர்ந்தே வருகிறது. யார் எங்கே ஓடுகிறார்கள் என்பதை எல்லோருக்கும் பகிர்ந்து கொடுப்பது அதன் வேலை. பழைய பந்தயங்களின் சுற்று நேரங்களைத் தேடிப் பார்க்கும்படி சேர்த்து வைப்பது அதன் வேலை அல்ல.

அதற்காகத் தனியாக ஒரு துணைநிரல் வேண்டும். எங்கள் வீட்டுப் பிள்ளை வைத்திருப்பது எஸ்-டிராக்கர். சர்வருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அது சொல்வதையெல்லாம் கேட்டு, ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் ஒரு தரவுக் கோப்பில் எழுதிவைக்கும். அதையே ஓர் இணையப் பக்கமாகவும் காட்டும். பந்தயத்துக்கு நடுவர் சர்வர் என்றால், மைதான ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்கும் கணக்குப்பிள்ளை எஸ்-டிராக்கர். இங்கே நடுவர் நலமாக இருந்தார். கணக்குப்பிள்ளையின் காதில்தான் எதுவும் விழவில்லை.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. ஆனா ஒன்னுமே வரலை லா" என்றான் பையன். இந்த ஒரு வாக்கியத்தை எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஒலிவாங்கி எரிகிறது, விளக்கு எரிகிறது, மீட்டர் மட்டும் அசையாது. அப்போது எங்கள் பொறியாளர் எதையும் கழற்ற மாட்டார். ஒலி எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகவேண்டும் என்று காகிதத்தில் ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டில் ஒலி எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று பார்ப்பார். அன்று கிள்ளானில் நாங்கள் செய்ததும் அதேதான். ஒரு பழைய கணக்கு நோட்டின் பின் அட்டையில் கோடு போட்டோம்.

இரண்டு குழாய், இரண்டு எண்

ஒரு கணினிக்கு இணையத்தில் ஒரு முகவரிதான். ஆனால் அதற்குள் பல மென்பொருள்கள் ஒரே நேரத்தில் பேசவேண்டும். அதற்காக 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு போர்ட் என்று பெயர். அடுக்குமாடி வீட்டின் முகவரி ஒன்று, வீட்டு எண்கள் பல என்பதைப்போல. அசெட்டோ கோர்சா சர்வர் வழக்கமாக 9600-ஆம் வாசலில் இருக்கும்; தன்னைப் பற்றிய விவரம் கேட்பவர்களுக்கு 8081-இல் பதில் சொல்லும்.

9600 என்ற எண்ணே இரண்டு விதமாகப் பயன்படுகிறது. ஒன்று டிசிபி, மற்றொன்று யுடிபி. டிசிபி பதிவுத் தபால் மாதிரி: போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்துகொள்ளும், சேராவிட்டால் மீண்டும் அனுப்பும். யுடிபி நேரடி வருணனை மாதிரி: ஒரு சொல் காற்றில் தொலைந்தாலும் வருணனையாளர் திரும்பிப் போகமாட்டார். கார் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல யுடிபிதான் பொருத்தம். இந்தச் சர்வரில் வழக்கமான அமைப்பு நொடிக்கு 18 முறை. மணிக்கு 180 கிலோமீட்டரில் போகும் கார் நொடிக்கு 50 மீட்டர் நகரும். ஒரு தகவலுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. தொலைந்த பழைய தகவலைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் கார் அடுத்த வளைவுக்குப் போய்விடும். ஆகவே ரூட்டரில் 9600-ஐத் திறக்கும்போது இரண்டு வகைக்கும் திறக்கவேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

இப்போது கணக்குப்பிள்ளை விஷயத்துக்கு வருவோம். சர்வரும் துணைநிரலும் பேசிக்கொள்வது தனி வழியில். சர்வரின் அமைப்புக் கோப்பில் அதற்கென இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒன்று "யுடிபி பிளகின் லோக்கல் போர்ட்": சர்வர் தன் காதை வைத்திருக்கும் இடம். இன்னொன்று "யுடிபி பிளகின் அட்ரஸ்": சர்வர் தன் வாயைத் திருப்பியிருக்கும் இடம். அதாவது துணைநிரலின் காது. உதாரணமாக முதல் வரியில் 11000 என்றும், இரண்டாவது வரியில் 127.0.0.1:12000 என்றும் இருந்தால், சர்வர் 12000-ஐ நோக்கிப் பேசும், 11000-இல் கேட்கும். துணைநிரல் அதற்கு நேர்மாறாக 12000-இல் கேட்டு, 11000-ஐ நோக்கிப் பேசவேண்டும்.

நாங்கள் நிகழ்ச்சி படைக்கும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இருப்பார். அவர் பேசினால் என் ஹெட்போனில் கேட்கும். நான் பொத்தானை அழுத்திப் பேசினால் அவர் ஒலிபெருக்கியில் கேட்கும். இரண்டு பாதைகள், இரண்டு செருகிகள். இரண்டையும் ஒரே துளையில் மாட்ட நினைத்தால் என்ன ஆகும்? நான் பேசுவது எனக்கே கேட்கும். தயாரிப்பாளர் கண்ணாடிக்குப் பின்னால் கை ஆட்டிக்கொண்டிருப்பார்.

பையனின் கோப்பில் நடந்திருந்தது அதேதான். புதிதாக ஒரு தடத்தைச் சேர்க்கும்போது யாரோ கொடுத்த மாதிரிக் கோப்பிலிருந்து வரிகளை எடுத்து ஒட்டியிருக்கிறான். இரண்டு வரியிலும் 11000. சர்வர் முதலில் எழுந்து 11000-இல் உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்த எஸ்-டிராக்கர், அதே 11000-இல் காது வைக்கப் பார்த்தது. விண்டோஸ் இடம் கொடுக்கவில்லை. அதன் பதிவேட்டில் 10048 என்ற பிழை எண் மூன்று வாரமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் எழுதப்பட்டிருந்தது. "அந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது" என்பதே அதன் பொருள். பையன் அதைப் பார்த்திருக்கிறான். வேறு ஏதோ மென்பொருள் அந்த வாசலைப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக் கணினியை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறான். பிடித்திருந்தது அவனுடைய சொந்தச் சர்வர்தான்.

இதே பிழைக்கு இன்னொரு காரணமும் அடிக்கடி உண்டு: துணைநிரலின் பழைய பிரதி ஒன்று மூடப்படாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பது. எது எந்த வாசலைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க விண்டோஸின் கறுப்புத் திரையில் நெட்ஸ்டாட் என்ற கட்டளை இருக்கிறது. எண்ணையும், அதைப் பிடித்திருக்கும் மென்பொருளின் அடையாள எண்ணையும் அது காட்டிவிடும். ஊகிக்கத் தேவையில்லை.

இரண்டாவது வரியை 12000 என்று மாற்றினோம். எஸ்-டிராக்கரின் கோப்பில் இந்த எண்களைத் தனியாக எழுதத் தேவையில்லை. அங்கே மைனஸ் ஒன்று என்று விட்டுவைத்தால், சர்வரின் கோப்பைத் தானே படித்து எண்களை எடுத்துக்கொள்ளும். ஆனால் அது எந்தக் கோப்பைப் படிக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சர்வரை நிர்வகிக்கும் செயலிகள் ஒவ்வொரு அமைப்புக்கும் தனித்தனி அடைவு வைத்திருக்கும். அதனால் ஒரே பெயரில் இரண்டு மூன்று கோப்புகள் ஒரே கணினியில் கிடக்கும். சர்வர் ஒன்றைப் படிக்க, துணைநிரல் இன்னொன்றைப் படிக்க, நீங்கள் மூன்றாவதைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். எத்தனை முறை திருத்தினாலும் எதுவும் மாறவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பாதையை முழுமையாகப் படித்துப் பாருங்கள்.

அந்த 127.0.0.1 என்ன என்று அக்கா கேட்டாள். அது "நான்" என்ற சொல்லுக்குக் கணினி வைத்திருக்கும் எண். எந்தக் கணினி சொன்னாலும் அது தன்னையே குறிக்கும். சர்வரும் துணைநிரலும் ஒரே பெட்டியில் இருக்கும்வரை அதுதான் சரி. வெவ்வேறு பெட்டியில் இருந்தால் இருவரும் "நான், நான்" என்று தங்களிடமே பேசிக்கொண்டிருப்பார்கள்.

சோதனைக்கு ஒரு சுற்று ஓட்டினான். சர்வரின் கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் எஸ்-டிராக்கரின் திரையில் வரிகள் ஓடத் தொடங்கின. பட்டியலில் அவன் பெயர் வந்தது.

"நேரம் கடந்துவிட்டது" என்றால்?

அத்தானுக்கு உடனே செய்தி அனுப்பினோம். ஜொகூர் பாருவிலிருந்து அவர் கைப்பேசியில் பட்டியல் பக்கத்தைத் திறந்து பார்த்தார். திறக்கவில்லை. வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, நேரம் கடந்துவிட்டது என்று சொன்னது. கிள்ளானில் அதே கணினியில் திறந்தால் பக்கம் பளிச்சென்று வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால், பெரும்பாலும் உங்கள் செய்தி அந்தக் கணினி வரை போயிருக்கிறது. அங்கே அந்த வாசலில் யாரும் இல்லை. கதவைத் தட்டினீர்கள், காலி வீடு. "நேரம் கடந்துவிட்டது" என்றால் பெரும்பாலும் வழியில் யாரோ உங்கள் செய்தியைச் சத்தமில்லாமல் குப்பையில் போடுகிறார்கள். முதலாவதுக்குத் துணைநிரலைப் பாருங்கள். இரண்டாவதுக்கு ஃபயர்வாலையும் ரூட்டரையும் பாருங்கள். பிழைச் செய்தியைப் படிக்காமல் "ஓகே" அமுக்குவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். இந்த இரண்டையும் பிரித்துப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பையன் நேராக ரூட்டருக்குப் போகப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்லி, அக்காவின் கைப்பேசியை வாங்கி, வீட்டு வைஃபையிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அதே சுற்றல், அதே "நேரம் கடந்துவிட்டது". அப்படியென்றால் ரூட்டர் வரை போகவே தேவையில்லை. தடுப்பது கணினியிலேயே இருக்கும் ஃபயர்வால்.

விண்டோஸில் புதிய சர்வர் மென்பொருளை முதன்முறை ஓட்டும்போது, அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி மேலெழும். அவசரத்தில் அதை ரத்து செய்துவிட்டால், அந்த மென்பொருளுக்கு எதிராக ஒரு தடை விதி தானாகவே எழுதப்பட்டுவிடும். பிறகு நீங்கள் எத்தனை அனுமதி விதிகள் எழுதினாலும், தடைக்கும் அனுமதிக்கும் மோதல் வந்தால் தடைதான் வெல்லும். பையன் 50041-ஆம் எண்ணுக்கு அனுமதி எழுதித்தான் வைத்திருந்தான். அதற்கு மேலே எஸ்-டிராக்கரின் பெயரில் ஒரு தடை உட்கார்ந்திருந்தது. அந்தத் தடையை நீக்கியதும் அக்காவின் கைப்பேசியில் பக்கம் திறந்தது. பிறகு வைஃபையை அணைத்து, கைப்பேசித் தரவில் சோதித்தோம். திறக்கவில்லை. இப்போதுதான் ரூட்டரின் முறை.

உள்ளிருந்து வெளியே போகவேண்டும்: அதே கணினி, அதே வீட்டில் இன்னொரு கருவி, பிறகு வெளி இணையம். ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு சந்தேகம்தான் மிஞ்சும். இன்னொன்று, உங்கள் வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே உங்கள் வெளி முகவரியைத் தட்டிச் சோதிக்காதீர்கள். பல ரூட்டர்களுக்கு வெளியே போய் அதே வாசல் வழியாகத் திரும்பி வரத் தெரியாது. வெளியிலிருப்பவர்களுக்கு நன்றாகத் திறக்கும் பக்கம் உங்களுக்கு மட்டும் திறக்காது. அதேபோல், போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் இணையத்தளங்கள் பெரும்பாலும் டிசிபியைத்தான் பார்க்கின்றன. யுடிபிக்கு அவை "மூடியிருக்கிறது" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அக்காவின் பயம்

இந்த இடத்தில்தான் நான் கிள்ளானுக்கு வந்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். பையன் ஏற்கெனவே ஒரு தீர்வு வைத்திருந்தான். ஃபயர்வாலை மொத்தமாக அணைப்பது. ரூட்டரில் டிஎம்இசட் என்ற பகுதியில் அந்தக் கணினியைப் போட்டுவிடுவது. "எல்லாரும் அப்படித்தான் மாமா செய்றாங்க." உண்மைதான், செய்கிறார்கள். செய்தால் பட்டியல் திறக்கும் என்பதும் உண்மை.

டிஎம்இசட் என்றால், வேறு எங்கும் போகச் சொல்லாத எல்லா வெளிச் செய்திகளையும் அந்த ஒரு கணினிக்கே அனுப்பு என்று ரூட்டருக்குச் சொல்வது. 65,535 வாசலும் தெருவைப் பார்த்துத் திறந்துகொள்ளும். அந்தக் கணினியில் ஃபயர்வாலும் இல்லை. அதே கணினியில் அக்கா டியூஷன் கணக்கு எழுதுகிறாள், வங்கிக்குள் நுழைகிறாள். வீட்டில் மற்றக் கருவிகளும் அதே வைஃபையில்தான். இணையத்தில் திறந்த வாசல்களைத் தேடிக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் உண்டு. அவற்றுக்குக் கிள்ளானும் தெரியாது, சனிக்கிழமை பந்தயமும் தெரியாது, எண்ணைத்தான் தெரியும். கோழிக்கூண்டின் கதவு இறுகிக்கொண்டது என்பதற்காக வேலியையே பிடுங்குகிற வேலை இது.

தேவையானது நான்கே விதிகள்: 9600 டிசிபி, 9600 யுடிபி, 8081 டிசிபி, பட்டியலுக்காக 50041 டிசிபி. ஓட்டுநர்கள் தங்கள் கணினியில் பி-டிராக்கர் என்ற இணைச் செயலியைப் போட்டிருந்தால் 50042-உம் சேரும். இந்தக் கடைசி எண்ணை விருப்பம்போல் மாற்றமுடியாது. பி-டிராக்கர் 50042, 50043 என்று ஒரு குறிப்பிட்ட பட்டியலில் உள்ள எண்களைத்தான் தட்டிப் பார்க்கும். "பாதுகாப்புக்காக" வேறு எண் வைத்தால் அது கடைசிவரை கண்டுபிடிக்காது.

அதே மாதிரி, 11000, 12000 இரண்டையும் ரூட்டரில் திறந்துவிடாதீர்கள். திறக்கச் சொல்லும் வழிகாட்டிகளை நானே பார்த்திருக்கிறேன். அது வீட்டுக்குள் நடக்கும் பேச்சு. அந்த வழியில் கடவுச்சொல் கிடையாது. அதற்குள் நுழைந்தவர் ஓட்டுநரை வெளியேற்றலாம், பந்தயத்தை மறுபடி தொடங்கலாம். கணக்குப்பிள்ளையின் நாற்காலியில் உட்கார்ந்தவர் நடுவரையே ஆட்டிவைக்கலாம் என்று அர்த்தம்.

விதிகளை எழுதும்போது ரூட்டர், "எந்தக் கணினிக்கு?" என்று கேட்கும். 192.168 என்று தொடங்கும் வீட்டு எண்ணைத் தருவோம். அந்த எண் நிரந்தரம் அல்ல. மின்சாரம் தடைப்பட்டுத் திரும்பினால் ரூட்டர் வேறு எண் கொடுக்கக்கூடும். அப்போது விதிகள் எல்லாம் அக்காவின் அச்சுப்பொறியைக் கைகாட்டிக்கொண்டிருக்கும். ஆகவே அந்தக் கணினிக்கு ஒரே எண்ணை ஒதுக்கிவைக்கும் வசதியை ரூட்டரிலேயே அமைத்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

அன்று இரவு அத்தான் பட்டியலைத் திறந்தார். முதலில் அவர் தேடியது தன் பெயரை அல்ல. ஈப்போ சித்தப்பாவின் பெயரை. அவர் தனக்குக் கீழேதான் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டார். விடுபட்டுப்போன மூன்று வாரம் மட்டும் விடுபட்டதுதான். எழுதாத கணக்கை எங்கிருந்து கொண்டுவருவது?

எல்லாம் செய்தும் வரவில்லையா?

அக்கா வீட்டில் அதிர்ஷ்டம் இருந்தது. அவர்கள் இணைப்புக்குச் சொந்தமாக ஒரு வெளி முகவரி இருந்தது. எல்லோருக்கும் அப்படி இல்லை. குறிப்பாக சிம் அட்டை போட்ட 5ஜி வீட்டு ரூட்டர் வைத்திருப்பவர்கள், மேலே சொன்ன அத்தனையும் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து ஒருவரும் வரமுடியாமல் தவிப்பார்கள்.

காரணம் பழைய கதை. நான்கு எண்களால் ஆன இணைய முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி. உலக இருப்பின் கடைசிப் பகுதிகள் 2011 பிப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன; நம் ஆசிய பசிபிக் வட்டாரத்தின் ஒதுக்கீடு அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து, கட்டுப்பாட்டோடு கொடுக்கப்பட்டது. அதனால் பல இணையச் சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. நீங்கள் உங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டீர்கள். ஆனால் கட்டடத்தின் பெரிய இரும்புக் கதவின் சாவி உங்களிடம் இல்லை.

கண்டுபிடிப்பது எளிது. ரூட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி என்று ஓர் எண் இருக்கும். "என் முகவரி என்ன" என்று சொல்லும் ஏதாவது இணையத்தளத்திலும் பாருங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால் நீங்கள் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். ரூட்டர் காட்டும் எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். 2012-இல் இந்த ஏற்பாட்டுக்காகவே ஒதுக்கப்பட்ட எண்கள் அவை.

அப்படியானால் மூன்று வழி. சேவை நிறுவனத்தை அழைத்துப் பொது முகவரி கேட்கலாம். சிலர் இலவசமாகத் தருவார்கள், சிலர் கட்டணம் கேட்பார்கள், சில திட்டங்களில் கிடையவே கிடையாது. அல்லது வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுக்கலாம். எடுப்பதாக இருந்தால் சிங்கப்பூரில் எடுங்கள். விலை மலிவு என்று ஐரோப்பாவுக்குப் போகாதீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் சுமார் 300 கிலோமீட்டர். போய் வர மூன்று மில்லிநொடி. ஃபிராங்க்ஃபர்ட் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் போய் வர நூறு மில்லிநொடி. அதற்குள் 180-இல் போகும் கார் ஐந்து மீட்டர் நகர்ந்திருக்கும். அது ஒரு முழுக் காரின் நீளத்துக்கும் மேல். ஈப்போ சித்தப்பா இடிப்பதற்கு அதுவே போதும்.

மூன்றாவது வழிதான் குடும்பப் பந்தயங்களுக்கு எனக்குப் பிடித்தது. டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்ற செயலிகள், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் கணினிகளை ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதுபோல் பிணைத்துவிடும். ரூட்டரில் எதையும் திறக்கவேண்டாம். அழைக்கப்பட்டவர்களைத் தவிர யாருக்கும் சர்வர் தெரியாது. பட்டியல் பக்கமும் அப்படியே. அசௌகரியம் ஒன்று உண்டு: எட்டுப் பேரும் தங்கள் கணினியில் அந்தச் செயலியைப் போடவேண்டும். அவர்களில் ஒருவர் நம்பகமற்றவர் என்றால் அவரும் உங்கள் "வீட்டுக்குள்" வந்துவிடுகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. முகம் தெரியாத நண்பர்களோடு பந்தயம் விட ஆசைப்படும் பிள்ளைக்கு இது சரிப்படாது. அவனுக்கு வாடகைச் சர்வர்தான் சரி.

பாஸ்வர்ட் கேட்டு வரும் பிள்ளையிடம் அம்மாக்கள் கேட்க வேண்டியது இரண்டு கேள்விகள்: எந்தெந்த எண்கள், எந்தக் கணினிக்கு? இரண்டுக்கும் காகிதத்தில் எழுதிக் காட்ட முடிந்தால் கொடுக்கலாம். "எல்லாத்தையும் திறந்துட்டா போதும்மா" என்றால், கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

சர்வரின் அமைப்புக் கோப்பில் நிர்வாகியின் கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே இருக்கும். உதவி கேட்டு அந்தக் கோப்பை யாருக்காவது அனுப்பும்போது அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பவேண்டும். வங்கிக்கு வைத்திருக்கும் சொல்லை அங்கே வைக்கவே கூடாது. எஸ்-டிராக்கர் பட்டியல்களைச் சேமிக்கும் கோப்பு, வேறொரு தரவுத்தளத்தை நீங்கள் அமைத்திருந்தால் ஒழிய, டிபி3 என்று முடியும் ஒற்றைக் கோப்புதான். எந்த மாற்றம் செய்வதற்கு முன்பும் துணைநிரலை நிறுத்திவிட்டு, அதை ஒரு விரலியில் நகலெடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டுச் சனிக்கிழமைகள் அந்த ஒரே கோப்பில்தான் இருக்கின்றன.